ஊரறியச் சொல்லுதல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டிக் காந்திகிராமத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய மேடையில் ஊராட்சி அறிவிப்பைப் பொருளாக எடுத்துக்கொள்வது சிலருக்கு வியப்பைத் தரலாம். குடிநீர் வரும் நேரம், வரி கட்டவேண்டிய கடைசி நாள், கிராமசபை கூடும் இடம், மருத்துவ முகாம், கோயில் திருவிழாவுக்கான துப்புரவுப் பணி ஆகியவற்றிற்கும் கவிதைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். ஆயினும் சொல் ஒருவர் வாயிலிருந்து புறப்பட்டுப் பலர் செவியைச் சேர்வதும், சேர்ந்தபின் அவர்களை ஒரு செயலுக்கு எழுப்புவதும் இரண்டிற்கும் பொதுவான இயல்புகளாகும். எழுப்பாத கவிதையை எவரும் கவிதை என்று கொள்வதில்லை. எழுப்பாத அறிவிப்பையோ அறிவிப்பு என்றே கணக்கில் எழுதிவிடுகிறார்கள். இவ்வேறுபாட்டை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

புகார் நகரத்து முரசு

தமிழில் நகராட்சி அறிவிப்பு ஒன்றன் முழுமையான வடிவத்தைக் காண விரும்புவோர் அரசாணைத் தொகுப்புகளைத் தேடவேண்டியதில்லை. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் முதற்காதையே அதுதான். விழாவறை காதை என்பது அதன் பெயர். காவிரிப்பூம்பட்டினத்தில் இந்திரவிழா எடுக்க முடிவாகிறது. முரசு யானையின் பிடரியில் ஏற்றப்படுகிறது. வள்ளுவ முதுமகன் அதனை அறைந்து விழாச் செய்தியை நகரத்தார்க்குச் சொல்கிறான்.

அவன் சொல்லுவன யாவை? முதலில் நகரை வாழ்த்துகிறான். மழை தவறாது பொழிக, அரசன் செங்கோல் கோணாதிருக்க என்கிறான். பின்னர்ப் பணிகளை ஒவ்வொன்றாக அடுக்குகிறான். தெருக்களில் பழைய மணலை அகற்றிப் புதுமணல் பரப்பவேண்டும்; நிறைகுடமும் பாலிகையும் விளக்கும் வைக்கவேண்டும்; வாழையும் கமுகும் கட்டவேண்டும்; கொடிகள் ஏற்றவேண்டும். சமயவாதிகள் பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறி வாதிடவேண்டும். பகைவரோடு நேர்ப்பட்டாலும் சினமும் பூசலும் கொள்ளாது விலகிச் செல்லவேண்டும். விழா நடக்கும் 28 நாள்களுக்கும் உரிய ஒழுங்கு இது. இறுதியில் பசியும் பிணியும் பகையும் நீங்குக என்று மீண்டும் வாழ்த்தி முடிக்கிறான்.

துப்புரவு, அலங்காரம், பொது அமைதி, கருத்துரிமை ஆகிய நான்கும் ஒரே அறிவிப்பில் அடங்கியுள்ளமை நோக்கத்தக்கது. அதனினும் நோக்கத்தக்கது அதன் வினைமுற்று. பரப்புமின், ஏறுமின் என்றாற்போல ஏவற்பன்மை முற்றுகள் வரிதோறும் வருகின்றன. வள்ளுவன் கேட்போரை நேர்நின்று விளிக்கிறான். யாரோ யாரையோ கேட்டுக்கொண்டதாக அவன் சொல்வதில்லை. முன்னிலையில் நிற்கும் மக்களிடம் முன்னிலையிலேயே பேசுகிறான்.

அறிவிப்பும் அலரும்

சாத்தனார் காதைகளை அடுக்கியுள்ள முறையும் சிந்தனைக்குரியது. விழாவறை காதையை அடுத்து வருவது ஊரலர் உரைத்த காதை. விழாவுக்கு மாதவியும் மணிமேகலையும் வரவில்லை. அதுபற்றி ஊர் பலவாறு பேசுகிறது. அந்தப் பேச்சு சித்திராபதியின் உள்ளத்தை வருத்த, அவள் வயந்தமாலையை மாதவியிடம் அனுப்புகிறாள். முதற்காதையில் ஊருக்குச் சொல்லப்பட்ட செய்தி. இரண்டாங்காதையில் ஊர் தானாகச் சொல்லிக்கொள்ளும் செய்தி. ஒன்று முரசின் ஒலி, மற்றொன்று முணுமுணுப்பு.

காப்பியத்தில் இவ்வடுக்கு கதைப்போக்கின் பொருட்டு அமைந்தது. எனினும் ஊர் வாழ்க்கையின் உண்மையொன்று அதில் புலப்படுகிறது. அறிவிப்பும் அலரும் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருப்பவை. முன்னது வாய்திறவாத நாளில் பின்னது இரண்டு வீட்டுக்கும் சேர்த்துப் பேசும். ஊராட்சிக்கு வந்த பணம் எவ்வளவு என்று வெளிப்படையாகப் படிக்கப்படாத ஊரில், வந்த பணத்தைப் போலப் பத்து மடங்கு பணம் பற்றிய பேச்சு தேநீர்க்கடையில் நடக்கும். வீடு கட்டும் திட்டத்தில் பயனாளிகள் தெரிவு செய்யப்பட்ட முறை சொல்லப்படாவிடில், தகுதியால் வீடு பெற்றவளும் பழிக்கு ஆளாவாள். நேர்மையாளரைக் காப்பதும் நேர்மையற்றவரைக் காட்டுவதும் ஒரே செயலால் நிகழக்கூடியவை. அச்செயல் ஊரறியச் சொல்லுதல்.

கல்லில் எழுதிய ஊர்

தமிழகத்து ஊராட்சி வரலாற்றைப் பேசும் எவரும் உத்தரமேரூரைக் குறிப்பிடாது விடுவதில்லை. முதற்பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அவை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலை எடுக்கப்பட்டது. சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியன இவ்வாறு அமைந்தன. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் ஓலையில் இடம்பெறக் கூடாது என்பது அங்கு வகுக்கப்பட்ட விதிகளுள் ஒன்று.

இவ்விதிகள் ஓலைச்சுவடியில் எழுதிப் பெட்டியில் பூட்டப்படவில்லை. கல்லில், பலர் வந்து போகும் இடத்தில் வெட்டப்பட்டன. ஆட்சிமுறையை ஊரார் கண்முன் நிறுத்தவேண்டும் என்ற எண்ணம் பாராட்டத்தக்கது. ஆனால் பெருமிதம் உண்மையை மறைத்துவிடலாகாது. உத்தரமேரூர் ஒரு சதுர்வேதி மங்கலம். நிலமும் மனையும் வேதக் கல்வியும் உடைய ஆடவரே ஓலையில் ஏறத் தகுதி பெற்றனர். உழுதவர், நெய்தவர், பறை முழக்கியவர், பெண்டிர் ஆகியோர் பெயர்கள் அக்குடத்தில் விழவே இல்லை. கல்லில் எழுதப்பட்டது ஊர் முழுதும் காணுமாறு இருந்தது. ஊர் முழுதையும் குறித்து எழுதப்படவில்லை. அறிவிப்பைப் பற்றிச் சிந்திப்போர், எவ்வாறு சொல்லப்பட்டது என்பதோடு யாரை எண்ணிச் சொல்லப்பட்டது என்பதையும் கேட்கவேண்டியிருக்கிறது.

தண்டோராவின் துயரம்

புகாரில் முரசு யானைமீது ஏறியது. பிற்காலத் தமிழகத்துச் சிற்றூர்களில் செய்தி சொன்னவர் கால்நடையாக, தோளில் தொங்கிய பறையோடு தெருத்தெருவாக நடந்தார். இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால் என்று தொடங்கும் அவருடைய குரலைக் கேட்டு வளர்ந்தோர் இவ்வவையிலும் பலர் இருக்கக்கூடும். தண்டோரா என்றும் தமுக்கு என்றும் தம்பட்டம் என்றும் வட்டாரத்திற்கேற்ப அது பெயர் பெற்றது. வரி, ஏலம், மடைதிறப்பு, தடுப்பூசி, தேர்தல் எல்லாம் அக்குரலின் வழியே ஊரை அடைந்தன.

அக்குரலின் இனிமையை நினைந்து உருகுவோர் அதன் மறுபக்கத்தையும் காணவேண்டும். பறையைச் சுமக்கும் பணி பிறப்பினால் சிலர்மீது சுமத்தப்பட்டது. ஊரின் முடிவுகளை ஊருக்குச் சொன்னவர்க்கு அம்முடிவுகளை எடுக்கும் அவையில் இருக்கை இல்லை. சகலமானவர்களுக்கும் என்று அவர் வாய் சொன்னது. அந்தச் சகலமானவருள் ஒருவராக அவரை ஊர் எண்ணவில்லை. ஒரு சொற்றொடரின் பொருளும் அதைச் சொல்பவரின் வாழ்வும் இவ்வளவு தொலைவில் நிற்பதற்கு வேறு சான்று தேடவேண்டியதில்லை.

2022 ஆகஸ்டில் தமிழக அரசின் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, தண்டோரா போடும் வழக்கத்தை அறவே நிறுத்துமாறும், வாகனங்களில் ஒலிபெருக்கி பொருத்தி அறிவிக்குமாறும் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். காலந்தாழ்ந்தேனும் வந்த நல்ல முடிவு அது. அவர் தமிழ் எழுத்தாளருமாவார் என்பது இவ்வவைக்கு மகிழ்வூட்டும் செய்தி.

பறை இறக்கி வைக்கப்பட்டது. இழிவின் ஒரு வடிவம் நீங்கிற்று. அதன் பின்னும் ஒரு வினா எஞ்சுகிறது. ஒலிபெருக்கி வாகனம் விரைந்து செல்லும். பாதிச் சொற்கள் ஒரு தெருவிலும் மீதிச் சொற்கள் அடுத்த தெருவிலும் விழும். தண்டோராக்காரரை நிறுத்தி, என்ன சொன்னீர்கள் என்று மீண்டும் கேட்க முடிந்தது. ஒலிநாடாவை நிறுத்திக் கேட்க இயலாது. கைப்பேசிச் செய்தி கைப்பேசி உடையவரைச் சேரும். வீட்டில் ஒரே கைப்பேசி இருந்து அதுவும் வேலைக்குச் சென்றவர் சட்டைப்பையில் இருந்தால், வீட்டிலிருக்கும் மூதாட்டிக்குச் செய்தி இல்லை. கருவி மாறியது போதாது. திருப்பிக் கேட்கும் உரிமையும் உடன் வரவேண்டும்.

காந்திகிராமம் நிற்கும் மண்

இவ்வினாவை எழுப்புவதற்குக் காந்திகிராமத்தினும் பொருத்தமான இடம் அரிது. சிறுமலையின் அடிவாரத்தில், ஒருபுறம் சின்னாளபட்டியின் தறிகளும் மறுபுறம் அம்பாத்துரையின் இருப்புப்பாதையும் சூழ அமைந்த இவ்விடத்தில், 1947 அக்டோபர் 7ஆம் நாள் டாக்டர் தி. சே. சௌந்தரமும் கோ. இராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கினர். நாடு விடுதலை பெற்று இரண்டு திங்கள் கூட நிறைவுறாத காலம் அது. தலைநகரில் கிடைத்த விடுதலை சிற்றூரின் கடைசி வீட்டை எவ்வழியாக அடையும் என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட பணி. 1956இல் கிராமியக் கல்வி நிறுவனம் தோன்றியது. 1976இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. மாணவர்கள் ஊர்களில் தங்கி மக்களோடு பணியாற்றுவது இங்குக் கல்வியின் ஒரு பகுதியாக வைக்கப்பட்டது. பிற்காலத்தில் பேராசிரியர் க. பழனித்துரை போன்றோர் இங்கிருந்தே பஞ்சாயத்து ஆட்சி குறித்து ஆய்ந்தும் எழுதியும் மக்கள் பிரதிநிதிகளுக்குப் பயிற்சியளித்தும் வந்தனர்.

சிற்றூர் பற்றிய இருவேறு பார்வைகள் அரசியல் நிர்ணய சபையிலேயே மோதின. ஊராட்சியே நாட்டின் அடித்தளம் என்பது காந்தியடிகளின் கொள்கை. 1948 நவம்பர் 4ஆம் நாள் ஆற்றிய உரையில் அம்பேத்கர், சிற்றூர் அறியாமைக்கும் குறுகிய நோக்கிற்கும் பிரிவினைக்கும் உறைவிடம் என்று கடிந்தார். அதே நவம்பரின் 22ஆம் நாள், தமிழகத்தைச் சேர்ந்த கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தின் பயனாகக் கிராமப் பஞ்சாயத்துகளை அமைக்கவேண்டும் என்னும் நெறி அரசமைப்பில் இடம்பெற்றது. அதுவே 40ஆவது பிரிவு. 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24ஆம் நாள் நடைமுறைக்கு வந்து கிராமசபைக்கு அரசமைப்புத் தகுதி தந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் இயற்றப்பட்டது. 1996 அக்டோபரில் அதன்படி முதல் தேர்தல் நடந்தது.

காந்தியடிகளின் நம்பிக்கை, அம்பேத்கரின் எச்சரிக்கை ஆகிய இரண்டுமே பொய்க்கவில்லை என்பதற்குத் திண்டுக்கல்லை அடுத்த மதுரை மாவட்டமே சான்று. 1997 ஜூன் 30ஆம் நாள் மேலவளவில் தனி ஊராட்சியின் தலைவரான முருகேசன் உள்ளிட்ட 6 பேர் கொலை செய்யப்பட்டனர். தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதே அவர்மீது சாட்டப்பட்ட குற்றம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களிலும், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தலிலும் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டமையால் பத்தாண்டுகள் தேர்தல் முறையாக நடக்க இயலவில்லை. மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த த. உதயச்சந்திரனின் முயற்சியும் துணைசெய்ய, 2006 அக்டோபரில் அங்கே தேர்தல் நிறைவேறியது. 2021 அக்டோபர் 2ஆம் நாள் அதே பாப்பாபட்டியில் கிராமசபை கூடியபோது தமிழக முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அதில் கலந்துகொண்டார். தலைவரை அமரவிடாத ஊர் சபையாகக் கூடும் ஊராக மாறுவதற்குக் கால் நூற்றாண்டு தேவைப்பட்டது.

கலையாத அவை

கிராமசபையின் தனித்தன்மை ஒன்றை ஈண்டு நினைவுகூர்தல் தகும். சட்டமன்றம் கலையும்; மக்களவை கலையும்; ஊராட்சி மன்றத்தின் ஐந்தாண்டும் முடியும். வாக்காளர் அனைவரையும் உறுப்பினராகக் கொண்ட கிராமசபைக்கு மட்டும் பதவிக்காலம் என்பதே இல்லை. தமிழகத்தில் 2016 அக்டோபர் தொட்டு 2019 டிசம்பர் வரை தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகள் இல்லை. 2019 டிசம்பரில் திண்டுக்கல் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். இத்தகைய இடைவெளிகளில் ஊருக்கென்று எஞ்சும் ஒரே மன்றம் கிராமசபை. ஆண்டுக்கு நான்கு முறை, குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகியவற்றில் கூடிவந்த அதனை, மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளிலும் நவம்பர் 1 உள்ளாட்சிகள் நாளிலும் சேர்த்து ஆறு முறை கூட்டுவதென 2022இல் அரசு அறிவித்தது.

நாள்கள் கூடியுள்ளன. ஆள்கள் கூடவேண்டுமே. மக்கள்தொகை 500 வரையுள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் சபை நிறைவுடையது என்பது தமிழகத்து விதி. இவ்வெண்ணிக்கையைக் கையெழுத்தால் நிறைவு செய்வது எளிது. காலடிகளால் நிறைவு செய்வதே அரிது. வராமைக்குக் காரணங்கள் பல: கூலிக்குச் செல்வோர்க்கு ஒருநாள் வருமானம் போகும், கேட்டது நடக்காதென்ற சலிப்பு இருக்கும், இன்னார் முன் வாய் திறக்கலாகாது என்ற பழைய அச்சமும் இருக்கும். இக்காரணங்களைச் சொல்லால் மட்டும் நீக்க முடியாது. ஆனால் அழைக்கப்படவில்லை என்ற ஒரு காரணத்தைச் சொல்லால் நீக்கலாம். தமிழறிந்தோர் கை வைக்கக்கூடிய இடம் அதுவே.

மூவிடமும் ஓர் அழைப்பும்

வழக்கமான கிராமசபை அறிவிப்பு ஒன்றன் நடையை இவ்வாறு அமைத்துக் காட்டலாம்: “மேற்படி ஊராட்சியில் எதிர்வரும் அக்டோபர் 2ஆம் நாள் முற்பகல் 11.00 மணியளவில் கிராமசபைக் கூட்டம் நடத்தப்படவுள்ளதால், வாக்காளப் பெருமக்கள் தவறாது கலந்துகொண்டு கூட்டத்தினைச் சிறப்பிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். கூட்டப்பொருள்: ஊராட்சி நிருவாகம் மற்றும் பொதுநிதிச் செலவினம் குறித்து விவாதித்தல்; தூய குடிநீர் விநியோகத்தினை உறுதி செய்தல்; இதர பொருள்கள்.”

இதில் பிழை என்று வட்டமிடத்தக்கது அதிகமில்லை. ஆயினும் கேட்போரை இது தொடுவதில்லை. காரணம் இலக்கணத்திலேயே உள்ளது. மக்கள் இங்குப் படர்க்கையில் நிற்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேசப்படுகிறதே தவிர அவர்களோடு பேசப்படவில்லை. கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் என்னும் செயப்பாட்டுவினையில் கேட்பவர் யார் என்பதும் மறைந்துவிடுகிறது. சிறப்பிக்குமாறு என்ற சொல்லோ, மக்களை அவர்களுடைய சொந்த அவைக்கே விருந்தினராக்குகிறது. வீட்டுக்குரியவரை, விருந்துக்கு வந்து சிறப்பிக்குமாறு அழைப்பதுண்டோ?

அதனையே பின்வருமாறு சொல்லிப் பார்க்கலாம்: “காந்தி பிறந்த நாளன்று காலை பதினொரு மணிக்கு, பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் நம் கிராமசபை கூடுகிறது. இந்த ஆண்டு நம் ஊருக்கு வந்த பணம் எவ்வளவு, எதற்கெல்லாம் செலவாயிற்று என்று கணக்கு வாசிக்கப்படும். கீழத்தெருக் குழாயில் தண்ணீர் வராதது பற்றி முடிவெடுக்கவேண்டும். வாருங்கள், கணக்கைக் கேளுங்கள், விளங்காததைத் திருப்பிக் கேளுங்கள். பெண்கள் முன்வரிசையில் அமருங்கள்.”

செய்தி மாறவில்லை, இடம் மாறியிருக்கிறது. வள்ளுவ முதுமகனின் ஏவற்பன்மை இங்கே பேச்சுத்தமிழின் மரியாதையோடு திரும்பியிருக்கிறது. மேலும் நம் என்னும் சொல் வந்திருக்கிறது. தமிழுக்கு நாங்கள் என்றும் நாம் என்றும் இரண்டு பன்மைகள் உண்டு. முன்னது கேட்பவரை வெளியே நிறுத்தும். பின்னது உள்ளே சேர்க்கும். கேட்பவரை உள்ளடக்கும் இத்தன்மைப் பன்மையை இலக்கண நூலார் உளப்பாட்டுத் தன்மைப் பன்மையுள் வைத்துப் பேசுவர். மேலத்தெரு கீழத்தெருவைப் பார்த்து நாங்கள் என்று சொல்லும்வரை ஊர் இரண்டாக இருக்கும். நாம் என்று சொல்லும் துணிவு பிறக்கும் இடமே கிராமசபை. அத்துணிவு பொய்யாகாதிருக்க வேண்டுமானால், சொல்லுக்கேற்பப் பாயும் ஒன்றாக விரிக்கப்படவேண்டும்; குவளையும் ஒன்றாக இருக்கவேண்டும்.

உரக்கப் படித்தலின் ஆற்றல்

இவையெல்லாம் வெறும் சொல்லாராய்ச்சி என்று எண்ணுவோர்க்கு இராஜஸ்தானத்து நிகழ்ச்சி ஒன்று விடை சொல்லும். அங்கே அருணா ராய் முதலியோரின் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் உழவர் தொழிலாளர் அமைப்பு, 1994 டிசம்பர் 2ஆம் நாள் பாலி மாவட்டத்துக் கோட் கிரானா என்னும் சிற்றூரில் ஒரு பொது விசாரணையை நடத்தியது. அவர்கள் செய்தது எளியதொரு செயல்: பொதுப்பணிக் கணக்குகளையும் கூலிப் பட்டியல்களையும் ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். தாளில் இருந்தவரை எவரும் ஐயுறாத பட்டியல், செவியில் விழுந்தவுடன் தன் பொய்யைத் தானே சொல்லிற்று. இத்தகைய விசாரணைகளிலிருந்து வளர்ந்த இயக்கமே 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வருவதற்கு வழிகோலியவற்றுள் தலையானது. தமிழகம் 1997இலேயே இத்தகைய சட்டமொன்றை இயற்றிய மாநிலம் என்பதும் குறிப்பிடத்தக்கது.

தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் 2006இல் தொடங்கியபோது, தமிழகத்தில் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆறு மாவட்டங்களுள் திண்டுக்கல்லும் ஒன்று. வேலை செய்தவர் யார், பெற்ற கூலி எவ்வளவு என்பவற்றைக் கிராமசபையில் வைத்துத் தணிக்கை செய்யவேண்டும் என்பதை அச்சட்டமே விதித்தது. கடல் கடந்த நாடுகளிலும் இதற்கு ஒப்புமை உண்டு. அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் மார்ச் திங்களின் முதற் செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்ட நாளாகும். ஊரின் ஆண்டுக் கணக்கறிக்கை முன்னரே குடிமக்கள் கைக்குச் சேர்க்கப்படுகிறது. படித்துவிட்டு வருவோர் வினாவோடு வருகிறார்கள். வினாவோடு வருவோரே அவையைப் பயனுள்ளதாக்குகிறார்கள்.

கவிஞர்க்கு உரிய பங்கு

உரக்கப் படித்தல் கவிஞரின் கலை. எந்தச் சொல் செவியில் தங்கும், எந்தச் சொல் நழுவும், எங்கே நிறுத்தினால் பொருள் விளங்கும் என்பதை அவர்கள் அறிவார்கள். பத்தாண்டுகளாகக் கவிதை படித்தும் கேட்டும் பழகிய ஒரு வட்டம், அப்பழக்கத்தின் ஒரு சிறு பங்கை ஊருக்குக் கொடுக்கலாம்.

செய்யக்கூடியவை மூன்று. முதலாவது, ஆண்டிற்கு ஆறு கிராமசபைகளுக்கும் முன்பாக, அண்டை ஊராட்சிகளின் அறிவிப்புகளைக் கேட்டுப் பெற்று, பொருள் பிறழாமல் எளிய முன்னிலைத் தமிழில் எழுதித் தருதல். இதற்கு அரசாணை வேண்டியதில்லை. ஊராட்சிச் செயலாளரின் இசைவு போதும். இரண்டாவது, வரவு செலவுக் கணக்கை எழுத்தறியாதோரும் புரிந்துகொள்ளும்படி அவையில் நிறுத்தி நிதானமாகப் படித்துக்காட்ட, குரல்வளமுள்ள உறுப்பினர் இருவர் முன்வருதல். மூன்றாவது, பெண் உறுப்பினர்களோடு அமர்ந்து, அவர்கள் சொல்ல விரும்புவதைத் தீர்மானத்தின் வடிவில் எழுதப் பழக்குதல். தமிழகம் 2016இல் உள்ளாட்சிகளில் பெண்களுக்கான ஒதுக்கீட்டைச் சரிபாதியாக்கியது. இருக்கை கிடைத்துவிட்டது. அவ்விருக்கையிலிருந்து அவர்களே பேசவேண்டும். அவர்களுக்காகக் கணவரோ தமையனோ பேசும் வழக்கம் ஒழியவேண்டும். தன் சொல்லைத் தானே எழுதியவள் அதைப் பிறர் வாயில் கொடுக்க மாட்டாள்.

இதனால் கவிதையின் தரம் தாழும் என்று அஞ்சவேண்டியதில்லை. சாத்தனார் தம் காப்பியத்தை முரசறைவோனின் அறிவிப்பைக் கொண்டே தொடங்கினார். மணல் பரப்புவதையும் பூசல் தவிர்ப்பதையும் கவிதைக்கு ஒவ்வாத பொருள்கள் என்று அவர் ஒதுக்கவில்லை. அதே காப்பியத்தில் பின்னர் ஒரு துயரம் வருகிறது. மகனை இழந்த துன்பத்தால் அரசன் இந்திரவிழாவை மறக்கிறான். முரசு ஒலிக்காத அந்த ஆண்டில் கடல் புகுந்து புகார் நகரத்தைக் கொள்கிறது. தெய்வத்தின் சீற்றம் என்று காப்பியம் அதற்குக் காரணம் கூறும். இக்காலத்து ஊர்களைக் கடல் வந்து கொள்வதில்லை. கூடவேண்டிய நாளில் கூடாமையும், சொல்லவேண்டியதைச் சொல்லாமையும், கேட்கவேண்டியதைக் கேளாமையும் சிறிது சிறிதாக ஊரைக் கொண்டுபோகின்றன.

ஊர் ஒரு அவையாக நிலைபெறுவதற்கு அடுத்த கிராமசபை நாள் வரை காலம் இருக்கிறது. அதற்குள் ஓர் அறிவிப்பையாவது நல்ல தமிழில் எழுதி, ஒரு தெருவின் கடைசி வீட்டு வாயிலில் நின்று படித்துக்காட்டுவது இவ்வட்டத்தின் பதினோராம் ஆண்டுப் பணிகளுள் ஒன்றாக அமையட்டும்.

வாழிய தமிழ், வளர்க ஊரவை.